கைகட்டி நிற்கும் கஸ்டமர்

மூன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன தகுதி வேண்டும்? பசித்தால், பாத்ரூம் வந்தால் சொல்லத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால்தான் என்ன? சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்!

சென்னையின் பேர்போன பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி. சீட்டுக்கு இது போதாது. அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா வேலைக்குப் போகிறாரா, வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா என்று விசாரணை நடக்கிறது. கேட்டால், 'இன்டர்வியூ இல்லை சார், சும்மா இன்டராக்‌ஷன்' என்பார்கள். பெயரை மாற்றினால் பரீட்சை இல்லையென்று ஆகிவிடுமா?

நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று யஷ்பால் கமிட்டி 1993லேயே சொல்லிவிட்டது. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், குழந்தையையோ பெற்றோரையோ சலித்தெடுப்பதைத் தடை செய்தது. ஆனால், அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது வரைதான். ஏழை, நலிந்த பிரிவினருக்கான 25 சதவிகித இடங்கள் தவிர, மற்ற நர்சரி சேர்க்கைக்கு இது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013ல் சொல்லிவிட்டது. மேய்வது மூன்று வயதில். வேலி போட்டிருப்பது ஆறு வயதில்!

இந்த ஓட்டையை அரசுகள் அடைக்கட்டும். நாம் என்ன செய்யலாம்?

நான் படித்தது பி.காம். காசு கொடுப்பவன் கைகட்டி நிற்க, வாங்குபவன் கால்மேல் கால் போட்டுக் கேள்வி கேட்கிற வியாபாரத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. விடியற்காலையில் நாம் நிற்கிற கியூதான் அவர்களுக்கு ஓசி விளம்பரம்.

கேள்விகளை நாம் கேட்போம். டீச்சருக்கு என்ன சம்பளம்? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? எத்தனை கக்கூஸ்? பதில் சொல்லத் திணறுகிற பள்ளியை நாம் ஃபெயிலாக்குவோம்.