எறும்பின் மேனியில் இருந்த வெண்படலம்

ரொறன்ரோப் பகுதியின் மில்லிக்கனில் நாம் குடியிருக்கும் வீடுகளுக்கு அடியில் கிடப்பது உழுத மண். 1807 அளவில் நியூ பிரன்சுவிக்கிலிருந்து வந்து குடியேறிய நோர்மன் மில்லிக்கனின் குடும்பப் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. காடு வெட்டிக் கண்ட வயல்கள் இரண்டு நூற்றாண்டுக்குள் தெருக்களாகிவிட்டன. மனிதர் பயிர்செய்யக் கற்றே ஏறக்குறைய 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்கக் கண்டத்தின் சில எறும்புகளோ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பூஞ்சணம் பயிரிட்டு வருகின்றன.

இலைவெட்டி எறும்புகள் இலையைச் சுமந்து போவது தின்பதற்கு அல்ல. அதை மென்று கூழாக்கி நிலத்தடி அறைகளில் பரப்பி, அதன்மேல் பூஞ்சணம் வளர்க்கின்றன. குஞ்சுகளுக்கு அதுவே உணவு. நிக்கராகுவாவில் பணியாற்றிய தோமஸ் பெல்ட் 1874-இல் இதை எழுதினார். புதுக்கூடு தேடிப் பறக்கும் இளம் ராணி, தாய்க்கூட்டின் பூஞ்சணத்தில் ஒரு துணுக்கை வாய்க்குள் அடக்கிக்கொண்டே புறப்படுகிறாள். அந்த விதை இல்லையேல் அவளுக்குக் குடியும் இல்லை.

பெல்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே இதையொத்த உறவு தமிழ்க் கரையில் கவனிக்கப்பட்டது. லின்னேயஸின் மாணவரான யோகான் கேர்ஹாட் கோனிக், 1768-இல் மிஷன் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். கறையான் புற்றுக்குள் பூஞ்சணம் வளர்வதை அவர் 1779-இல் எழுதினார். மழைக்குப் பிறகு புற்றடியில் நம் தாய்மார் பறித்த காளான் அந்தத் தோட்டத்தில் முளைத்ததுதான். எறும்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கறையானும் இந்தத் தொழிலைத் தானாகக் கண்டடைந்தது என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

அடுத்த பெரிய கண்டுபிடிப்பு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையிலிருந்து வந்தது. ஆய்வு மாணவராக இருந்த கமரன் கரியும் அவருடைய ஆசிரியர் டேவிட் மலோக்கும் மற்றவர்களும் 1999-இல் இரண்டு செய்திகளை வெளியிட்டார்கள். எறும்புத் தோட்டங்களை எஸ்கொவொப்சிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சணம் அழிக்கிறது என்பது ஒன்று. எறும்புகளின் உடலில் தெரியும் வெண்படலம், அதுவரை எல்லோரும் எண்ணியதுபோல மெழுகு அல்ல, அந்த ஒட்டுண்ணியை அடக்கும் மருந்தைச் சுரக்கும் பக்ரீரியா என்பது மற்றது. பெல்ட்டின் நூலுக்கும் இதற்கும் இடையில் 125 ஆண்டுகள். படலம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே இருந்தது.

நமக்கு இதில் முக்கியமானது மருந்து மட்டும் அல்ல. எறும்பு மருந்தையே நம்பிக் கிடப்பதில்லை. நோய் கண்ட துண்டைப் பிடுங்கி எறிகிறது, கழிவை வேறிடத்தில் ஒதுக்குகிறது, ஓயாமல் களை எடுக்கிறது. மருந்து அந்தப் பராமரிப்பில் ஒரு பங்குதான். நாமோ பராமரிப்புக்குப் பதிலாகவே மருந்தை வைத்தோம். பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் வரும் என்று அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-லேயே எச்சரித்திருந்தும், நெருக்கி அடைத்த கோழிக்கும் பன்றிக்கும் வேகமாகக் கொழுப்பதற்கென்று நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனியில் கலந்தோம்.

மனித வைத்தியத்துக்கு முக்கியமான இம்மருந்துகளை மிருக வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்ற விதி கனடாவில் 2018 டிசம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி மிகவும் பிந்தி வந்தது; அது மட்டும் போதவும் போதாது. பண்ணையின் நெரிசல் குறையாதவரை சீட்டு எழுதவேண்டிய தேவையும் குறையாது.