தேர்வறையில் ஒரு பிடி கடலை

நீரிழிவு குறித்து நம் கல்வி நிலையங்களுக்கு ஓரளவு தெரியும். குடும்பத்தில் ஒருவருக்கேனும் அது இருப்பதால் வந்த அறிவு அது. அதன் மறுபக்கம் போலத் தோன்றும் இன்னொரு நிலை குறித்து ஏறத்தாழ எதுவுமே தெரியாது. உணவுண்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை இயல்புக்குக் கீழே சரிந்துவிடும் நிலை அது. மருத்துவர்கள் ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா என்பர். உணவுக்குப் பிந்தைய சர்க்கரைத் தாழ்வு எனத் தமிழில் சொல்லலாம். டெல்லியில் விடுதி உணவை நம்பி ஆய்வு செய்யும் நான், ஆறு ஆண்டுகளாக இதனோடு வாழ்ந்து வருகிறேன். எனினும் இதை என் உடல்நலக் குறிப்பாக எழுதவில்லை. பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு தன் நேர அட்டவணையாலும் தடைகளாலும் இச்சிறு குறைபாட்டை எவ்வாறு பெரிதாக்குகிறது என்பதே என் பேச்சு.

முதலில் உடலுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டால் குளுக்கோஸ் விரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சிலருக்கு அச்சுரப்பு சற்றுத் தாமதமாகவும் தேவைக்கு மிகுதியாகவும் அமைகிறது. உணவிலிருந்து வந்த குளுக்கோஸ் தீர்ந்த பின்னும் இன்சுலின் தன் வேலையை நிறுத்துவதில்லை, சர்க்கரை சரிகிறது. இரைப்பை அறுவை செய்துகொண்டோரிடம் உணவு விரைந்து குடலுக்குள் இறங்குவதால் இது கடுமையாக நேரும். நீரிழிவின் தொடக்கக் கட்டத்திலும் இது தலைகாட்டுவதுண்டு. காரணமே பிடிபடாதவர்களும் உள்ளனர், நான் அவ்வகை.

சரிவை உணர்ந்த உடல் அட்ரினலினைச் சுரந்து கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளிக்கொணர முயல்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தாங்கவொண்ணாப் பசி எல்லாம் அதன் விளைவுகள். சர்க்கரை இன்னும் தாழ்ந்தால் மூளையே தடுமாறும். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள அவ்வுறுப்பு, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்பது. எனவே சொல் மறக்கும்; வாக்கியம் பாதியில் நிற்கும்; காரணமில்லாச் சினம் வரும்.

இங்கேதான் கல்விச் சூழலுக்கே உரிய இடர் தொடங்குகிறது. அச்சத்தின்போது சுரப்பதும் இதே அட்ரினலின்தான். நண்பகல் உணவுக்குப் பின் மூன்றரை மணிக்கு வாய்மொழித் தேர்வில் நிற்கும் மாணவியின் கை நடுங்கினால், தேர்வாளர் அதை அச்சம் என்றே படிப்பார். கேள்விக்கு விடை தடுமாறினால் தயாரிப்பின்மை என்பார். கருத்தரங்கில் எரிச்சலுடன் மறுமொழி சொன்னால் பண்பின்மை என்பர். வெளியிலிருந்து பார்ப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறியவே இயலாது. ஆய்வாளரின் மதிப்பு பெரும்பாலும் இத்தகைய அரைமணி நேரங்களில்தான் தீர்மானமாகிறது என்பதை நாம் அறிவோம்.

நம் அன்றாட உணவோ இச்சரிவுக்கென்றே திட்டமிட்டது போல் உள்ளது. காலையில் ரொட்டியும் ஜாமும், அல்லது அவல் போஹா, கூடவே சர்க்கரை மிகுந்த தேநீர். நண்பகலில் தட்டு நிறையச் சோறு. ராஜ்மா இருக்கும், ஆனால் கரண்டி சோற்றுக்குத்தான் தாராளம். மாலைக் கருத்தரங்கில் மீண்டும் இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும். இரவு உணவு எட்டு மணிக்கு மேல். சரிவின்போது அந்தத் தேநீர் பத்து நிமிடத்தில் நம்மை மீட்டுவிடும் என்பது உண்மையே. அடுத்த ஏற்றத்துக்கும் அடுத்த சரிவுக்கும் வித்திடுவதும் அதுவே.

இதை மேலாளும் வழி எளியது, மலிவானது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உண்ணுதல். சோறு, சப்பாத்தியைத் தனித்து உண்ணாது பருப்பு, தயிர், முட்டை, காய்கறியோடு சேர்த்தல். வெறும் வயிற்றில் இனிப்புப் பானங்களையும் மதுவையும் தவிர்த்தல். சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்துவிட்டால் 15 கிராம் அளவு குளுக்கோஸ், கால்மணி நேரம் கழித்து மறு சோதனை, அதன்பின் புரதமுள்ள ஏதேனும் ஒன்று. என் சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலைப் பொட்டலம் இருக்கும். ஆய்வுத் துறையில் எனக்குப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான்; அதை இங்கே எழுதப் போவதில்லை.

இவ்வளவு எளிய மருந்தை நம் நிறுவனங்கள் எங்கெல்லாம் தடுக்கின்றன என்று பாருங்கள். நூலகத்தில் உணவுக்குத் தடை, தேர்வறையில் தடை. ஒரு தகுதித் தேர்வு மையத்தின் வாயிலில் என் கடலைப் பொட்டலத்தைக் குப்பைக் கூடையில் இட்டார்கள். மருத்துவச் சான்றைக் காட்டினேன். “நீரிழிவு என்று இதில் எழுதவில்லையே” என்பது மறுமொழி. அக்காவலரை நான் குறை கூறவில்லை. அவர் கையிலிருந்த விதியில் அந்தச் சொல் மட்டுமே இருந்தது. முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் சர்க்கரை மாத்திரை, பழம் போன்றவற்றை எடுத்துச் செல்ல நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் இசைவளித்தது. நல்ல முடிவு. ஆனால் இசைவு நோயின் பெயரோடு கட்டப்பட்டுள்ளது, தேவையோடு அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் நீரிழிவும் இல்லை, இதுவும் இல்லை. ஆகவே எல்லாம் அந்தந்த அலுவலரின் மனநிலையைப் பொறுத்ததாகிறது.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். இந்நோயின் வரலாறு ஐயத்துக்கு இடம் தருவதே. 1924இல் அமெரிக்க மருத்துவர் சீல் ஹாரிஸ் மிகை இன்சுலின் சுரப்பு குறித்து எழுதினார். பிற்காலத்தில் அந்நாட்டில் களைப்பு, சோர்வு, மனவாட்டம் அனைத்துக்கும் இதுவே காரணம் என்னும் நாகரிகம் பரவிற்று. 1973இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் வேறிரு மருத்துவச் சங்கங்களும் கூட்டறிக்கை விட்டு அதைக் கண்டிக்க நேர்ந்தது. அறிகுறிகள் இருத்தல், அவ்வேளையிலேயே அளந்த சர்க்கரை தாழ்ந்திருத்தல், குளுக்கோஸ் தந்ததும் அறிகுறிகள் நீங்குதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் மட்டுமே நோயென உறுதி செய்யலாம். அறுவை மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரால் வழங்கும் இம்மும்மை 1930களிலிருந்து நிற்கிறது. நீரிழிவு இல்லாதோர்க்குப் பொதுவாக 55 மில்லிகிராமுக்குக் கீழே என்பதே எல்லை. விரலில் குத்திப் பார்க்கும் கருவியோ 15 மில்லிகிராம் வரை முன்பின் காட்டத் தரநிலையே இடமளிக்கிறது. அது 60 என்றால் உண்மை 45ஆகவும் இருக்கலாம், 75ஆகவும் இருக்கலாம். குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் நெடுநேரச் சோதனையில் நலமானவர்களிலும் சிலருக்குச் சர்க்கரை தாழும் என்பதால், வழக்கமான உணவை உண்டு செய்யும் சோதனையையே மருத்துவர் விரும்புவர். இதைப் படித்துவிட்டுத் தம் மதியத் தூக்கத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டதாக எவரும் மகிழ வேண்டா. உண்ணாத நிலையில், குறிப்பாக விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்தாலோ, மயக்கமோ வலிப்போ வந்தாலோ அது வேறு கதை. காலந்தாழ்த்தாமல் அகச்சுரப்பியியல் மருத்துவரைக் காண வேண்டும்.

ஆனால் இந்த ஐயத்திலிருந்து நிறுவனங்கள் எடுக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. நோயை உறுதி செய்வது கடினம். ஆகவே சான்று கேட்போம் என்கின்றன. நான் சொல்வது நேர்மாறானது: உறுதி செய்வது கடினம், ஆகவே சான்றே கேட்காதீர்கள். சான்று வேண்டுமானால் அதற்குரிய சோதனை வேண்டும், அரை நாள் வேண்டும், பணம் வேண்டும். ஊக்கத்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஆய்வாளரிடம் அவற்றைக் கேட்பது, ஒரு பிடி கடலைக்காக. ஒளிபுகும் உறையில் கடலையோ வாழைப்பழமோ கொண்டுவர எல்லோருக்கும் இசைவளித்தால் முறைகேடு பெருகும் என்பார்கள். தண்ணீர்ப் புட்டியின் மேலுறையை அகற்றச் சொல்லி உள்ளே விடவில்லையா? நூலகத்தில் பூச்சி வரும் என்பது மட்டும் மெய்யான தடை. ஓலைச்சுவடியும் பழநூலும் உள்ள அறைகளில் அது நீடிக்கட்டும். படிப்பறைக்கு வெளியே நான்கு நாற்காலிகளும் ஒரு மேசையும் போட்டு, எழுந்து சென்றவரின் இருக்கையைப் பிறருக்குத் தராமல் இருந்தால் போதும்.

ஆய்வகத்தில் உண்பது என்றைக்குமே கூடாது. அங்கே நான் கேட்பது நெறியாளர்களின் ஒரு சொல்லை மட்டும். நான்கு மணி நேரச் சோதனை ஓட்டத்துக்கு நடுவே பத்து நிமிடம் வெளியே போய்வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேளாமல் தலையசையுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கும்போது முற்பகலா பிற்பகலா என்று மாணவரிடமும் ஒருமுறை கேளுங்கள். துறைக் கருத்தரங்குகளுக்குப் பொறுப்பேற்கும் தோழர்களே, அடுத்த முறை பிஸ்கட் வாங்கும் பணத்தில் பாதிக்குச் சுண்டல் வாங்குங்கள்.