அந்நியப் படையில் உழைப்பா?

கேள்வி: என் கணவர் கட்டாரிலிருந்து வந்து தொழிலில்லாமல் இருக்கிறார். ரஷ்ய இராணுவத்தில் வெளிநாட்டவரையும் எடுக்கிறார்கள், சமையல் வேலைதான், பிரஜாவுரிமையும் கிடைக்கும் என்று ஒரு தரகர் ஆசை காட்டுகிறார். அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுத்தால் போவதில் குற்றமுண்டா? - ஒரு சகோதரி

பதில்: அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரியே, தரகர் சொன்னதில் பாதி உண்மை. வெளிநாட்டவரைப் படையில் சேர்ப்பது புதிய விடயமல்ல. பிரான்ஸ் 1831ஆம் ஆண்டிலேயே அந்நியருக்கெனத் தனிப் படையணி அமைத்தது. ரஷ்யாவும் ஒரு வருட ஒப்பந்தம் செய்யும் அந்நியருக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் விரைவில் பிரஜாவுரிமை வழங்க 2024 ஜனவரியில் ஆணை பிறப்பித்தது.

அவர் சொல்லாத பாதியையும் கேளுங்கள். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர் என்றும், 2025 ஜனவரி 20 வரை அவர்களில் 59 பேர் மரணித்துவிட்டனர் என்றும் நமது வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். போர்முனைக்குப் போகத் தேவையில்லை என்று நம்பவைக்கப்பட்டுப் போனவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஒரு வருடம் என்று எழுதியிருப்பதையும் நம்பிவிட முடியாது. 2022 செப்டம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, படைவீரரின் ஒப்பந்தங்கள் அணிதிரட்டல் முடியும்வரை நீடிக்கும்.

சேரும் தகுதியைத் தருவது ஒரு நாட்டின் சட்டம். போவது ஆகுமா என்று பார்க்கவேண்டியது மார்க்கத்தின் தராசில். உரிமையின்றி ஓர் உயிரைப் பறிப்பது ஹராம். அது முஸ்லிமின் உயிரானாலும் மற்றவரின் உயிரானாலும் சரியே. யாரோ இருவரின் சண்டையில் கூலிக்குத் துப்பாக்கி தூக்குவது ஹலாலான உழைப்பாகாது. தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்வதையும் அல்லாஹ் தடுத்துள்ளான். ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடமே பெருமானார் (ஸல்) அவர்கள், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடும்படி திருப்பியனுப்பினார்கள். அப்படியிருக்க, கூலிப் போருக்கு ஏது இடம்?

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக அவரது பொறுப்பாளர் நீதியாகச் சொல்லட்டும், சாட்சிகளும் இருக்கட்டும் என்கிறது அது. கடனுக்கே இவ்வளவு கவனமென்றால், வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள தாளில் உயிரை எழுதிக்கொடுக்கலாமா?

இன்னொன்றை உங்களுக்காகவே சொல்கிறேன். போர்முனையில் ஒருவர் காணாமற்போய், ஜனாஸாவும் வராமல், செய்தியும் வராமல் போனால் அவரை 'மஃப்கூத்' என்பர். மரணம் உறுதியாகும் வரை, அல்லது காழி தீர்ப்பளிக்கும் வரை, அவர் மனைவி மனைவியாகவே இருப்பார். இத்தா தொடங்காது, சொத்தும் பங்கிடப்படாது. இத்தகைய பெண் நான்கு வருடம் காத்திருந்து, பின் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டுமென உமர் (ரழி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல்லோ மரணம் உறுதியாகும் வரை காத்திருக்கச் சொல்கிறது. கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பிள்ளைகளுடன் அந்த வருடங்களைத் தள்ளப்போவது தரகரல்ல, நீங்கள்தான்.

ஆகவே கணவரை ஏசாதீர்கள். வேலையில்லாத ஆணின் மனது நொந்துபோயிருக்கும். இதை அவருக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அவரது வாப்பாவையும் உம்மாவையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கடன் நெருக்கினால் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடனாளிக்கு ஸகாத்தில் பங்குண்டு, அதைக் கேட்பது வெட்கமல்ல. குறைந்த உழைப்பானாலும் வீட்டில் வாப்பா இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய பரக்கத்.

அல்லாஹ் உங்கள் கணவருக்கு ஹலாலான தொழிலைத் தந்தருள்வானாக! ஆமீன்.