டயர் வெடித்தால் பெருமாளா பொறுப்பு?

நேற்று முன்தினம் சாயங்காலம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. காற்றுப் பிடிக்க ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஆபீஸ் கிளார்க். மறுநாள் விடியற்காலை மனைவி, மக்களோடு சென்னைக்குப் பயணம். மைத்துனன் கல்யாணம்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"சார், பின்னாடி இடது டயர் சைடுல பொடச்சிருக்கு. இதோட மெட்ராஸ் போகாதீங்க."

"ரெண்டு மாசமா அப்படித்தாம்ப்பா இருக்கு. போய்ட்டு வந்து மாத்திக்கறேன். ரங்கநாதர் பாத்துப்பார்!"

"ரங்கநாதர் உலகத்தையே பாக்கணும் சார். டயரையாவது நீங்க பாருங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் உண்டு.

கோர்ட் சொன்ன நியாயம்

2010 அக்டோபர் 25. புனேயிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு கார். பின் டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் பாய்ந்தது. உள்ளே இருந்த 38 வயதுக்காரர் அங்கேயே இறந்தார்.

நஷ்டஈடு கேட்டது குடும்பம். "டயர் வெடித்தது கடவுள் செயல். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றது இன்சூரன்ஸ் தரப்பு.

2023-ல் மும்பை ஐகோர்ட் அந்த வாதத்தைத் தள்ளியது. டயர் வெடிப்பு கடவுள் செயல் ஆகாது, மனிதனின் அலட்சியம் என்றது. புறப்படுமுன் டயரைப் பார்ப்பது வண்டிக்காரன் கடமை என்றும் சொன்னது. சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய் நஷ்டஈடு உறுதியானது.

ஆக, பெருமாள் மேல் பழி போட இனி வழியில்லை!

ஒன்றா, இரண்டா?

மாதச் சம்பளக்காரன் கஷ்டம் நமக்குத் தெரியாதா? பள்ளிக்கூடக் கட்டணம் ஒரு பக்கம், மொய்ப்பணம் ஒரு பக்கம். டயர் கடைக்குப் போனால் "நாலையும் மாத்திடுங்க சார்" என்பார்கள். பயந்துபோய் ஒன்றையும் மாற்றாமல் திரும்பி வந்துவிடுகிறோம். அதுதான் ஆபத்து.

நாலும் வேண்டாம். கணக்காகப் பார்ப்போம்.

பக்கவாட்டில் புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒட்டுப் போட முடியாது. திருச்சி வெயிலில், 300 கிலோமீட்டருக்கு மேல் நாலுவழிச் சாலையில் ஓட்டினால் எந்த இடத்தில் வெடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த டயரை அன்றே கழற்ற வேண்டும்.

மற்ற மூன்றும் புதுசாக இருந்தால் ஒன்று வாங்கினால் போதும். அதே அளவு, அதே ரகம், முடிந்தால் அதே கம்பெனி.

ஆனால் ஜோடி டயரில் பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால்? இரண்டாக மாற்றுவதே புத்திசாலித்தனம். புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். கார் எந்தச் சக்கரத்தால் இழுத்தாலும் சரி! மழையில் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும்.

ஒரே டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? நோய் டயரில் இல்லை, அலைன்மென்டில் இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் ஆறு மாதத்தில் மொட்டை!

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அளவுகோல் தேவையில்லை. டயர் பள்ளத்துக்குள்ளேயே சின்னச் சின்னத் திட்டு வைத்திருக்கிறார்கள். ரப்பர் அந்தத் திட்டு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்ட் டயர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அடுத்தவன் வேண்டாம் என்று கழற்றிப் போட்டது உங்கள் பிள்ளைகளைத் தாங்குமா?

கிளார்க் என்ன செய்தார்?

"ஸ்டெப்னி இருக்கே!" என்றார் கிளார்க். கடைக்காரர் அதை எடுத்துப் பக்கவாட்டில் தேடினார். நாலு எண்கள்: 2314. அதாவது 2014-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஒருநாள்கூட ஓடாமலே ரப்பர் வெடித்துக் கிடந்தது!

கிளார்க் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின் சீட்டில் அவருடைய சின்னப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே டயர் கடைக்கு வண்டியை விட்டார். மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருந்ததால் ஒரே ஒரு டயர்தான். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை விலையில் பாதிகூட ஆகவில்லையாம்!

ரங்கநாதரை நன்றாகக் கும்பிடுங்கள். கோயிலை விட்டு வந்து வண்டியை எடுக்கும்போது, இன்னொரு தடவை குனிந்து டயரையும் பாருங்கள்!