நரம்பு சொல்லும் பாடம்

எங்கள் குன்னத்துகாலிலிருந்து தமிழக எல்லை எட்டும் தொலைவுதான். 1956-இல் எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்கே தமிழ் பிழைக்குமா? என் கவலைக்கு நரம்பியல் விடை தந்தது.

கருவில் நரம்பணுக்கள் தேவைக்கு மேல் பிறக்கின்றன. உணர்வு நரம்பின் இழை சென்று தொடும் தோல், 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்னும் புரதத்தைச் சுரக்கிறது. இழைநுனியில் உள்ள 'டிர்க்-ஏ' என்னும் ஏற்பி அதைப் பற்றுகிறது. பற்றியதும், 'வாழ்' என்ற செய்தி இழைவழியே திரும்பி நரம்பணுவை அடைகிறது. செய்தி பெறாத அணு மாய்கிறது. இவ்வுண்மைக்கு வழிகாட்டிய ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோகனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தோழர்களே! பிறந்ததனால் மட்டும் நரம்பு வாழ்வதில்லை. பயன்படும் இடத்தைத் தொட்டு வாழ்கிறது. தமிழும் அவ்வாறே. மேடையில் பெருமை பேசினால் பிழைக்காது. ஆய்வுக்கூடத்தைத் தொட்டால் பிழைக்கும். இன்று படித்த பாடத்தை இன்றிரவே தமிழில் எழுதிப் பாருங்கள்!