மரம் நட்டாச்சு... மண் நின்னுச்சா?

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம்தான் எனக்கு ஊர். கரிசல் காடு. மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பெய்யாவிட்டால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதனால் மண்ணைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பைப் போன லீவில் தாத்தா உடைத்துவிட்டார்.

இரண்டு பேரும் காட்டுக்குப் போகிற வழியில் வேலை முடிந்து மூடிய ஒரு கல்குவாரி. கழிவு மண்ணைக் குவித்த மேட்டில் வரிசையாக மரக்கன்றுகள், பக்கத்தில் ஒரு போர்டு. "நல்லாத்தானே வச்சிருக்காங்க தாத்தா" என்றேன். அவர் போர்டைப் பார்க்கவில்லை, மேட்டுக்குக் கீழே ஓடையைப் பார்த்தார். "மரம் நட்டது சரிய்யா. மண்ணு நின்னுச்சா?"

நிற்கவில்லை. மேட்டில் விரல் விரலாக வாய்க்கால் விழுந்திருந்தது. ஓடையில் சாம்பல் நிற மண் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது. அந்த ஓடை போய்ச் சேருவது கண்மாய்க்கு.

சுரங்கமோ குவாரியோ மூடிய பிறகு நிலத்தைச் சீரமைத்தாகிவிட்டதா என்று பார்க்கும்போது நாம் எண்ணுவது கன்றுகளை. எண்ண வேண்டியது கீழே இறங்கும் மண்ணை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 10 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்று வைத்தால் மூன்றரை யூனிட்! எடை சுமார் 14 டன். மேட்டில் தெரியாதது கண்மாயில் தெரியும்.

இதைக் கணக்குப் போட அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் உருவாக்கிய சமன்பாடுதான் எங்கள் பாடத்தில் இருக்கிறது. 1965-ல் கையேடாக வந்து, 1978-ல் திருத்தப்பட்டது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், மேலே உள்ள மூடாக்கு, வரப்பு போன்ற தடுப்பு எல்லாவற்றையும் பெருக்கினால், ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் சராசரியாக எத்தனை டன் மண் அரிபடும் என்று வரும். சாய்வான நிலத்தில் சரிவின் நீளம் நான்கு மடங்கானால், ஹெக்டேருக்கு இழப்பு இரண்டு மடங்கு. அதனால்தான் நீளமான சரிவைப் படிப்படியாக வெட்டி உடைக்கச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் வரப்பு போட்டதும் இதற்குத்தான், சமன்பாடு தெரியாமலே :-)

ஆனால் இது விவசாய நிலத்தை வைத்து உருவான கணக்கு. குவாரி மேடு உழுத நிலம் இல்லை. லாரி ஓடி இறுகிய இடமும், கொட்டிவிட்ட பொலபொல மண்ணும் அங்கே கலந்து கிடக்கும். ஆழமாக விழும் ஓடைப்பள்ளங்களை இந்தச் சமன்பாடு கணக்கில் எடுப்பதில்லை. அதோடு இது நீண்டகால சராசரி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒரு நாள் வந்தால் சராசரி என்ன செய்யும்? ஆகவே கணக்கு மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும்.

அளந்தால் என்ன தெரியும் என்பதற்குக் கர்நாடகத்தின் குதுரேமுக் இரும்புச் சுரங்கம் நல்ல உதாரணம். பத்ரா ஆற்றில் கலங்கி வந்த வண்டலை அளந்து 2006-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவான சுரங்கப் பகுதியிலிருந்து மொத்த வண்டலில் பாதிக்கு மேல் வந்தது என்று அதில் சொல்லியிருந்தார்கள். அங்கே 2005 முடிவோடு சுரங்க வேலையை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் முன்பே உத்தரவிட்டிருந்தது.

நம் பக்கம் நெய்வேலி. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். அந்த மண் மேடுகளில் காடும் தோட்டமும் வளர்த்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுரங்கத் தண்ணீர் வந்து சேரும் வாலாஜா ஏரி வண்டலால் தூர்ந்துபோய், என்.எல்.சி.யே பிறகு தூர்வார வேண்டி வந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"மரம் வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். பாதி உண்மைதான். உயரமான மரத்தின் இலையிலிருந்து சொட்டும் துளியும் விழும்போது வேகம் பிடித்துவிடும். கீழே புல்லும் சருகும் இல்லாமல் வெறும் தரையாக இருந்தால் அந்தத் துளியே மண்ணைக் கிளப்பும். முதல் மழைக்கு முன்னால் வேண்டியது புல். மரம் அடுத்தது.

இன்னொன்று. கண்மாயில் மண் சேர்வது எங்களுக்குப் புதிதில்லை. வயல் மண் வந்து படிந்தால் அது கரம்பை. வண்டி கட்டி அள்ளிப்போய் மறுபடி வயலில் போடுவோம். குவாரித் தூளை எந்த வயலில் போடுவது? தூர்வாரும் செலவோ ஊருக்கு.

அளக்கப் பெரிய செலவும் ஆகாது. மேட்டில் வரிசையாக இரும்புக் கம்பி அடித்து, ஒவ்வொரு மழைக்கும் பிறகு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, நிரம்பியதை அளக்கலாம். மழை நேரத்தில் கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வடிகட்டி எடை போடலாம். மூன்று வடகிழக்குப் பருவமழைக்காவது இதைச் செய்து, எண்களைப் பஞ்சாயத்துப் போர்டில் ஒட்டட்டும். அதுவரை வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது.

அடுத்த ஐப்பசிக்கு ஊருக்குப் போகும்போது பத்துக் கம்பி வாங்கிப் போகப் போகிறேன். ஸ்கேல் என்னிடம் இருக்கிறது. இடம் காட்டத் தாத்தா இருக்கிறார்.