வாய்தா வாங்குவதும் செலவுதான் சாமி!

எங்கள் வகுப்பில் பி.காம். முடித்த கையோடு சட்டம் படிக்கப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். அதில் ஒருவனுக்கு ஏதாவது ஒரு மாநகராட்சிக்குத் தொழிலாளர் சட்ட வக்கீலாகப் போய் உட்கார வேண்டுமாம். "கட்சிக்காரர் ஊரைவிட்டு ஓடமாட்டார். ஊழியர் கேஸ் போட்டால் இழுத்துக்கொண்டே போகலாம், எதிராளி தானாகக் களைத்துப் போவான்" என்கிறான். இந்த இரண்டாவது பாயிண்டைத்தான் இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கப் போகிறேன். அதற்கு நாம் பர்மிங்காம் வரை போக வேண்டும்.

இங்கிலாந்தில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் அது. மாநகராட்சி வேலையில் பள்ளிக்கூடச் சமையல், துப்புரவு, முதியோரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். குப்பை லாரி, சாலை வேலை, சவக்குழி வெட்டுவது எல்லாம் ஆண்கள். இரண்டு தரப்பும் ஒரே கிரேடு என்று வைத்ததும் மாநகராட்சிதான். ஆனால் போனஸ் மட்டும் ஆண்களுக்கு! அடிப்படைச் சம்பளத்தில் 160 சதவீதம் வரை அது போனது என்று விசாரணையில் வெளிவந்தது. சம ஊதியச் சட்டம் அங்கே 1970-லேயே வந்து, 1975 கடைசியில் அமலுக்கும் வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் தொழிலாளர் தீர்ப்பாயம் ஆயிரக்கணக்கான பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்த 170-க்கும் மேற்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், சிவில் கோர்ட்டுக்கு ஆறு வருடம் டைம். மாநகராட்சி வக்கீல்கள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? "இதை விசாரிக்க வசதியான இடம் தீர்ப்பாயம்தான், ஆகவே இங்கே தள்ளுபடி செய்யுங்கள்." அங்கே போனால் கெடு முடிந்து போச்சு! முன்வாசலைப் பூட்டிவிட்டு, பின்வாசலில் வந்து நிற்பவரிடம் "முன்பக்கமா வாங்களேன், அதுதான் உங்களுக்கு வசதி" என்று உபசரிக்கிற கதை.

உயர் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டிலும் தோல்வி. விட்டார்களா? உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 அக்டோபரில் 3-2 என்று அங்கேயும் தோற்றார்கள். இரண்டு நீதிபதிகள் மாநகராட்சி பக்கம் நின்றார்கள் என்றால், அது ஒன்றும் மட்டமான வாதம் இல்லை. கெட்டிக்கார வக்கீல்கள்தான் செய்திருக்கிறார்கள். என் கோபமே அதுதான். இத்தனை மூளையும் எதற்குச் செலவானது? உழைத்தவருக்குப் பாக்கி உண்டா இல்லையா என்ற கேள்வியை யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு.

நிற்க. நாம காமர்ஸ்காரர்கள், நம்ம பாஷையில் பேசுவோம். ஏ.எஸ். 29 படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நடந்து முடிந்த ஒன்றால் கடமை வந்திருக்கிறது, பணம் வெளியே போக வாய்ப்பு அதிகம், தொகையையும் மதிப்பிட முடியும் என்றால் ப்ரொவிஷன் போட்டே ஆக வேண்டும். வாய்ப்பு குறைவு என்றால் அடிக்குறிப்போடு முடிந்தது. சரி, வாய்ப்பு அதிகமா குறைவா என்று யார் சொல்வது? கணக்கு எழுதுகிறவர் வக்கீலைத்தான் கேட்பார். "ஜெயிச்சுடலாம் சார்" என்ற ஒரு வார்த்தையில் கடன் பாலன்ஸ் ஷீட்டிலிருந்து அடிக்குறிப்புக்கு இறங்கிவிடும். கடன் எங்கேயும் போகாது. வருடா வருடம் வளரும்.

பர்மிங்காமில் வளர்ந்தது. 2023 வரை சம ஊதியத்துக்காக அவர்கள் கொடுத்தது கிட்டத்தட்ட 110 கோடி பவுண்ட். இதற்குப் பணம் புரட்ட வேண்டியிருந்ததால் 2015-ல் என்.இ.சி. என்ற பெரிய கண்காட்சி வளாக நிறுவனத்தையே 30.7 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அதோடு முடிந்ததா என்றால், 2023 ஜூனில் "இன்னும் 65 முதல் 76 கோடி பாக்கி இருக்கலாம்" என்றார்கள். செப்டம்பர் 5-ம் தேதி 114-வது பிரிவு நோட்டீஸ், அதாவது "கையில் காசில்லை, அத்தியாவசியம் தவிர செலவு கிடையாது" என்ற அறிவிப்பு. அந்த 76 கோடி மிகை மதிப்பீடு என்று பிறகு சர்ச்சை வந்தது. ஆரக்கிள் மென்பொருள் சொதப்பலும், மத்திய அரசு நிதியை வெட்டியதும் சேர்ந்துதான் கவிழ்த்தது என்பதும் உண்மை. ஆனாலும் 2024-ல் ஊர் மக்கள் 10 சதவீத வரி உயர்வைக் கட்ட வேண்டி வந்தது.

"வக்கீல் என்ன செய்வார் பாவம், கட்சிக்காரர் சொன்னதைத்தானே வாதாடணும்?" என்பீர்கள். கம்பெனி வக்கீல் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மாநகராட்சிக்குக் கட்சிக்காரர் யார்? மேயரா, கமிஷனரா? கேஸ் போட்ட சமையல்கார அம்மாவும் அந்த ஊருக்கு வரி கட்டுகிறவர்தானே? அவர் காசில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு அவரையே கெடு தாண்டிவிட்டது என்று விரட்டுவது எந்த ஊர் நியாயம்? இங்கிலாந்தில் 1989-ம் வருடச் சட்டம் ஒன்று, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு கண்காணிப்பு அதிகாரி வேண்டும் என்கிறது. பெரும்பாலும் தலைமைச் சட்ட அதிகாரிதான் அந்த நாற்காலியில் இருப்பார். நிர்வாகம் சட்டத்தை மீறுகிறது என்று பட்டால் எழுத்தில் அறிக்கை கொடுப்பது அவர் கடமை. தலையாட்டுவதற்கு மட்டும் போட்ட பதவி இல்லை அது.

பொய்க் கேஸ் வந்தால் எதிர்த்துப் போராடட்டும், யார் வேண்டாம் என்றது? பாக்கி உண்மை என்று தெரிந்த பிறகு, "இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், பத்து வருடம் கழித்தால் கட்டிடத்தை விற்க வேண்டி வரும்" என்று கமிஷனர் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவர்தான் ஊருக்கு லாபமான வக்கீல். அவர் பேர் எந்தத் தீர்ப்பிலும் வராது.

2024 டிசம்பரில் ஜி.எம்.பி., யூனிசன் இரண்டு சங்கங்களோடும் சமரசத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த மார்ச்சிலேயே குப்பை அள்ளுகிறவர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். காரணம், அவர்களுடைய ஒரு பதவியை மாநகராட்சி எடுத்துவிட்டது. கேட்டால், அதை வைத்திருந்தால் மறுபடி சம ஊதியக் கேஸ் வருமாம். பெண்களை மேலே ஏற்றக் காசில்லை, அதனால் ஆண்களைக் கீழே இறக்குகிறார்கள். தெருவெல்லாம் கறுப்புப் பைகள் மலையாகக் குவிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள்.